நான் பற்றவைத்த வாசல்

வேலையை அரைகுறையாகச் செய்கிறவனால் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ஆபத்து வந்துவிடாது. உயிரைக் கொடுத்துச் செய்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். உயிரைக் கொடுத்தவன் நான்.

புனேயில் ஒரு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் லோடிங் வேலை பார்த்தார். பத்தொன்பது வருஷமாக லாரிக்கும் கேட்டுக்கும் நடுவிலேயே நடந்தார். மெஷின் ஓடுகிற ஷெட்டுக்குள் அவரை விட்டதில்லை. அந்தக் கம்பெனியின் பயிற்சி மேனேஜர் மேடம்தான் எங்கள் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். விழா முடிந்ததும் வெல்டர்களில் இரண்டு பேரை அப்ரண்டிஸாக எடுக்கப்போகிறார் என்று பேச்சு. அந்த இரண்டில் ஒன்று நான் என்று முடிவாகியிருந்தது (முடிவு செய்தது நான்தான்).

எனக்கு இரண்டு பொறுப்புகள் தந்திருந்தார்கள். ஒன்று, நிலையத்தின் வரலாற்றை மராத்தியில் மேடையில் சொல்வது. ஒரு மாதம் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோக்கலுக்கு நின்றபடி உருப்போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். இன்னொன்று, பிரதான கேட்டில் நிலையத்தின் பெயரை இரும்பு எழுத்துகளில் பற்றவைப்பது.

மராத்தி எழுத்துகளின் தலைக்கு மேலே ஒரு கோடு ஓடும். முனிசிபல் பள்ளியில் அந்தக் கோடு உடைந்தால் என் முட்டியும் உடையும். அந்தப் பயம் விடவில்லை. அந்தக் கோட்டுக்கு ஒரே நீள இரும்புப் பட்டையாக எடுத்து, கேட்டைச் சாத்தி, நூல் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பற்றவைத்தேன். கேட்டுக்கு இரண்டு கதவுகள். பட்டையை நடுவில் வெட்டிவிடு என்று வெல்டிங் ஆசிரியர் ஜாதவ் சார் சொல்லவில்லை. அதைக்கூட ஒருவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை, பாவம். பெயிண்டும் அடித்து, ‘ஈரம், தொடாதீர்கள்’ என்று ஒரு அட்டையும் கட்டினேன். எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். மறுநாள் காலை மொத்த நிலையமும் ஹாஸ்டல் குளியலறைச் சந்து வழியாக உள்ளே வந்தது.

பத்து மணிக்கு மேடத்தின் கார் வந்தது. வாட்ச்மேன் கேட்டை இழுத்தார். பிறகு இரண்டு பேர் இழுத்தார்கள். பிறகு ஆறு பேர். ஜாதவ் சார் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“முருகன், தூ வெல்டர் ஹை யா தாலா?” என்றார். நீ வெல்டரா, பூட்டா?

“சந்து வழியாகக் கூட்டி வரலாமா சார்?” என்று யாரோ கேட்டார்கள். பிரின்சிபால் கேட்டவனை முறைத்தார். குளியலறையைத் தாண்டி வந்த சிறப்பு விருந்தினர் எங்கள் சரித்திரத்தில் இல்லை. பிறகு பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, “நீ பேச்சை ஆரம்பி” என்றார்.

கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று நான் ஆரம்பித்தேன். “ஒரு தகரக் கொட்டகையில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று மூன்றே பிரிவுகளோடு தொடங்கியது எங்கள் நிலையம்...” அதற்குள் ஃபிட்டர்கள் இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடோடு ஓடி வந்தார்கள். அவசரத்தில் மூன்று பிளேடு முறிந்தது. “அடுத்து எலக்ட்ரிஷியன் பிரிவு வந்தது” என்றேன். நிஜமாகவே வந்தது. பட்டையை அறுக்கக் கொண்டுவந்த கிரைண்டருக்கு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். ஃபியூஸ் போய் மேடையும் மைக்கும் கிரைண்டரும் ஒன்றாக அணைந்தன. மோட்டார் மெக்கானிக் பிரிவு ஜாக்கி வைத்துத் தூக்கியது. இரண்டு கதவும் ஒரே கதவாக, ஒற்றுமையாக ஒரு விரல்கடை எழுந்து உட்கார்ந்தன. தையல் பிரிவுப் பெண்கள் கம்பி வழியே மாலையும் டீயும் நீட்டினார்கள். கடைசியாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் பிரிவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்தது.

வரலாறு தீர்ந்துவிட்டது. கேட் தீரவில்லை. நான் மறுபடி தகரக் கொட்டகைக்கே போனேன்.

மேடம் டீயைக் குடித்து முடித்து, பட்டையின் வெல்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். “ஹே குணி கேல?” யார் செய்தது?

எல்லோரும் தரையைப் பார்த்தோம். அப்போது காருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், தனக்குத் தெரிந்த மொத்த மராத்தியையும் திரட்டிக்கொண்டு வந்தது.

“மேடம், மாஜா முல்கா.” என் பையன்.

அப்பா. இஸ்திரி போட்ட சட்டையில், அம்மாவோடு, வெளியே. நான் பேசுவதைக் கேட்க லீவு போட்டு வந்திருந்தார். முந்தின நாள் வீட்டில் நான் அந்த வெல்டைப் பற்றி அவ்வளவு அளந்திருந்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்ரண்டிஸ், மெஷின் ஷெட், எல்லாம் போயிற்று.

கடைசியில் ஜாதவ் சாரே ஹாக்ஸாவை வாங்கி அறுத்தார். அதற்குள் வரலாற்றை மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் இரண்டு கதவுக்கும் நடுவில் மெதுவாக நடந்து வந்தார்.

சாயங்காலம் அப்ரண்டிஸ் பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது நான். ஆனால் வெல்டிங்குக்கு இல்லை, மற்றவர்கள் வைத்த வெல்டை உடைத்துப் பார்த்துச் சோதிக்கிற பிரிவுக்கு. “ஒட்டத் தெரிகிறது. பிரிக்கவும் கற்றுக்கொள்ளட்டும்” என்றாராம் மேடம்.

திரும்பும் ரயிலில் அப்பாவிடம், “எதுக்குப்பா நாந்தான்னு சொன்னீங்க?” என்றேன்.

“ஏல, அத்தன பேரு இழுத்தும் வரலல்லா? யாரு செஞ்சான்னு தெரியாண்டாமா?” என்றார்.

அந்தக் கம்பெனியில்தான் இன்றும் உடைத்துக்கொண்டிருக்கிறேன். நிலையம் இருக்கும் சாலையில் பஸ் போகும்போது எப்போதும் ஜன்னல் பக்கம் தலை திரும்பிவிடுகிறது. பெயர் நடுவில் அறுபட்டு இரண்டாகத் திறக்கிறது. உள்ளே யாராவது வெல்டிங் வைத்தால் அந்த நீலப் புகையின் வாசனை ரோடு வரை வரும்.

போன மாதம் எங்கள் வீட்டு வாசலுக்கு நானே ஒரு இரும்புக் கதவு செய்து மாட்டினேன். அம்மா பொட்டு வைக்க மஞ்சள் குங்குமத்தோடு வந்து, வைக்காமல் நின்றாள். “மொதல்ல தெறந்து காட்டுல” என்றாள். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது அந்தக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்க்கிறார். பிறகுதான் செருப்பை மாட்டுகிறார்.