மாமாவின் காரும் என் டிப்ளமோவும்

டிப்ளமோ படித்தவனிடம் எந்த ரிப்பேரை வேண்டுமானாலும் கொடுக்கலாம். மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுக்கக் கூடாது. அப்போது அவன் ரிப்பேர் பார்ப்பதில்லை, தன்னை நிரூபிக்கப் பார்க்கிறான். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு மாதம். (அதாவது, மாமனார் வீட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்துக்கொண்டிருந்த காலம்.)

என் மனைவி ரோஸ்லினின் தங்கை மெர்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெர்சனுக்கு ஊர் ஆலந்தலை. மூத்த மருமகன் பெண் வீட்டுக் காரில் போய் மாப்பிள்ளையைத் தூத்துக்குடி மாதா கோயிலுக்கு அழைத்து வர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கார் மாமாவுடையது. மெர்சியைவிட நாலு வயது மூத்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதன் லெஃப்ட் இன்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“மாப்ள, மெக்கானிக்கிட்ட விட்டுருவமா?” என்றார் மாமா.

“எதுக்கு மாமா? நான் இருக்கேம்லா” என்றேன்.

இன்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃப்ளாஷர் வாங்கப் போன இடத்தில் கடைக்கார அண்ணாச்சி கேட்காமலேயே வைத்தியம் சொன்னார். “வேகமா அடிக்குன்னா ஒரு பல்பு எரியலன்னு அர்த்தம் தம்பி. பின்னால போல்ட்டுல மாட்டியிருக்க எர்த் வயரைப் பாருங்க. நம்மூரு உப்புக்காத்துக்கு முதல்ல அதான் துருப்பிடிக்கும். உப்புத்தாள் வச்சு ரெண்டு தேய் தேய்ச்சாச் சரியாப்போவும்.”

மூன்று வருஷம் படித்தவன், கையில் உப்புத்தாளோடு மாமனார் முன்னால் போய் நிற்பதா? புது ஃப்ளாஷரும் நாலு பல்பும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஃப்ளாஷரை மாற்றினேன், படபடப்பு நிற்கவில்லை. பல்புகளை மாற்றினேன், அப்போதும் நிற்கவில்லை. மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பின்விளக்குகள் இரண்டையும் கழற்றினேன். டிக்கிக்குள் இரண்டு பக்கத்து வயர்களும் ஒரே கட்டாக வந்தன. சாயம் போய் எல்லாம் ஒரே அழுக்கு நிறம். எது எங்கே இருந்தது என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. (குறித்துக்கொள்வது முதல் வருஷப் பாடம். நான் மூன்றாம் வருஷம்வரை படித்தவன்.) ஒரு குத்துமதிப்பாக மாட்டி, போல்ட்டை நன்றாக முறுக்கினேன். அந்த முறுக்கலில் எர்த்தில் இருந்த துரு உதிர்ந்திருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து லெஃப்ட் போட்டால், முன்விளக்கு நிதானமாக, மரியாதையாக மின்னியது.

“ஏளா, பின்னால எரியுதா?” என்று கத்தினேன்.

“எரியுது” என்றாள் ரோஸ்லின்.

ரைட் போட்டேன். “இப்ப?”

“இப்பவும் எரியுது.”

எந்தப் பக்கம் எரிகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்காததை அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? மாமா எழுந்து வந்து என் தோளைத் தட்டி, “படிச்ச படிப்பு வீண் போவுமா!” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் அதைச் சொன்னதில்லை.

கல்யாணத்தன்று காலையில் ஜெர்சனைக் காரில் ஏற்றினேன். பின்னால் இரண்டு வேன். முதல் வேனில் வீடியோக்காரரும் ஜெர்சனின் அம்மாவும். அந்த அம்மாவின் மடியில் இருந்த பையில் தாலி.

“அண்ணாச்சி, எனக்கு டவுன் தெரியாது” என்றார் வேன் டிரைவர்.

“என் இன்டிகேட்டரை மட்டும் பாத்து வாங்க. நானே சரிபண்ணினது” என்றேன்.

திருச்செந்தூர் சாலையில் நேராக வந்ததால் வழியில் வம்பில்லை. துறைமுகச் சாலை சந்திப்பு வந்தது. கோயிலுக்கு லெஃப்டில் போக வேண்டும். முன்கூட்டியே இன்டிகேட்டரைப் போட்டேன். அது மின்ன ஆரம்பித்ததும் எனக்கும் வேன்களுக்கும் நடுவே ஒரு கன்டெய்னர் லாரி புகுந்து மறைத்துக்கொண்டது. நான் பாட்டுக்குத் திரும்பிக் கோயிலுக்கு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வந்தாயிற்று. மாலையும் வந்தாயிற்று. “தாலி எங்க?” என்று யாரோ கேட்டார்கள். அப்போது என் போன் அடித்தது. ஜெர்சனின் அம்மா.

“தம்பி, இங்கன கோயிலக் காணும். உப்பாத்தான் கெடக்கு.”

பத்தரைக்குள் பூசை தொடங்காவிட்டால் சாயந்திரம்தான் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு அடுத்த கல்யாணம். மெர்சி கண்ணில் தண்ணீரோடு, “அத்தான், போய்க் கூட்டிட்டு வாங்க அத்தான்” என்றாள். என்னால் ஒரு கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் காரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

உப்பளத்து ஓரத்தில் பட்டுச்சேலைகள் வரிசையாக நின்றன. இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, டிரைவரைத் திட்டியது.

“நீங்க ரைட்டுதான் போட்டிய அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுதேன்” என்றார் அவர்.

“எனக்கேவா? நான் எலக்ட்ரிகல் படிச்சவன்!”

ஜெர்சனின் அம்மா குறுக்கே வந்தார். “தம்பி, இப்ப லெஃப்டப் போட்டுட்டு, இறங்கிப் பின்னால வாங்க.”

போட்டேன். பின்னால் போய்ப் பார்த்தேன். ரைட் மின்னிக்கொண்டிருந்தது. புது ஃப்ளாஷர் அல்லவா, அப்படி ஒரு நிதானம்! மாப்பிள்ளை வீட்டார் முழுக்க அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா காரின் முன்சீட்டில் ஏறி, தாலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். “வண்டிய எடுங்க. லெஃப்டுக்கு நான் கை காட்டுதேன், ரைட்டுக்கு நீங்க காட்டுங்க” என்றார். கோயில் வாசல்வரை அந்த வளையல் கை ஒவ்வொரு திருப்பத்திலும் வெளியே நீண்டது. (பழக்கதோஷத்தில் நான் லைட்டையும் போட்டுக்கொண்டே வந்தேன்.) பத்து இருபத்தெட்டுக்கு உள்ளே நுழைந்தோம். மெர்சி கழுத்தில் தாலி ஏறியபோது ஜெர்சனைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

ஆனால் வீடியோக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். வேனின் முன்சீட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் மெர்சியின் கல்யாண நாளன்று குடும்பமே கூடி அந்த வீடியோவைப் போடுகிறது. பூசையை வேகமாக ஓட்டிவிடுவார்கள். உப்பளத்திலிருந்து கார் கிளம்பும் இடம் வந்ததும் அடுக்களையில் இருப்பவர்கள்கூட ஓடி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கார் லெஃப்டில் திரும்பும் இடத்தில் ஜெர்சனின் அம்மா படத்தை நிறுத்தச் சொல்வார்.

“அந்தா பாருங்க தம்பி. ஒங்க லைட்டு ரைட்டுன்னு சொல்லுது, என் கை லெஃப்டுன்னு சொல்லுது. நாங்க எதை நம்பி வந்தோம்?”

“உங்க கையைத்தான் பெரியம்மா” என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிரியாணி.