ஊ அபசகுனத்தின் சாக்ஸபோன்

ரங்கூனில், எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் முகூர்த்தத்தைக் கெடுக்க ராகுகாலம் தேவையில்லை. ஊ அபசகுனம் ஒருவரே போதும். கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பவர். பட்டப்பெயர் எங்கள் தெரு வைத்தது. வயதுக்கு மரியாதையாக முன்னால் பர்மிய 'ஊ'வையும் சேர்த்துக்கொண்டோம்.

குஷியான சினிமாப் பாட்டாக வாசித்துக்கொண்டிருப்பார். தாலி ஏறியதும் கண்ணை மூடி, இழவு வீட்டு நடையில் ஒன்றை இழுக்க ஆரம்பிப்பார். சிரிப்பதா, எழுந்து நிற்பதா என்று மாப்பிள்ளை விழிப்பார். மொஹிங்கா மீன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். ஒரு கைப்பேசிக் கடைத் திறப்புவிழாவில், ரிப்பன் வெட்டிய கையோடு கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். ஆனாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வட்டாரத்தில் வேறு சாக்ஸபோன் கிடையாது.

காரணம் எல்லோருக்கும் தெரியும், பேசமாட்டோம். அவர் பக்கத்தில் டிரம்ஸ் வாசித்த மாரியை, வெளியூர்க் கச்சேரி முடிந்து வரும் வழியில் ஒரு கும்பல் 'கலா' என்று கத்தி அடித்தே கொன்றது. இந்திய முகத்துக்கு இங்கே வைத்திருக்கும் வசைச்சொல் அது. கலவரம் பரவுமாம், அவன் சாவுக்குப் பேண்டும் கூடாது, ஊர்வலமும் கூடாது என்றுவிட்டார்கள் அதிகாரிகள். ஊரார் சாவுக்கெல்லாம் அடித்தவன், சத்தமில்லாமல் வேனில் போனான்.

ஊ அபசகுனம் ஜாஸ் பைத்தியம். அமெரிக்காவில் கறுப்பர்கள், தங்கள் ஆளைக் கொன்றால் ஏன் கொன்றாய் என்று வாசித்தே கேட்பார்களாம். செத்தவரைச் சுமந்து போகும்போது மெதுவாக, திரும்பும்போது ஆட்டமாக. மாரிக்கு அந்தப் போகிற பாட்டைத்தான் அவர் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசித்தார். ஒருமுறை வார்டு அதிகாரி விசாரிக்க வந்தார். இதில் வார்த்தையே இல்லையே, எதைத் தடுப்பீர்கள் என்று பர்மியத்தில் பணிவாகக் கேட்டார் இவர். அதிகாரி முழுப் பாட்டையும் கேட்டு, எழுத ஒன்றும் கிடைக்காமல், டீ குடித்துவிட்டுப் போனார்.

போன வருஷம் மாரியின் மகள் செல்விக்குக் கல்யாணம். இவர் வேண்டவே வேண்டாம் என்று தாய் முதல் சமையல்காரர் வரை மன்றாடினார்கள். செல்வி இவரைத்தான் கூப்பிட்டாள். தாலி ஏறியது, சாக்ஸபோன் இழுத்தது. அவள் மாலையும் கழுத்துமாக இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"சித்தப்பா, இன்னும் எத்தன கல்யாணத்துக்கு அப்பாவ தூக்கிட்டே நடப்பீங்க? எறக்கி வச்சிட்டு வாங்க."

அவர் வாசிப்பை நிறுத்தினார். கைலி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத அந்தத் திரும்பி வருகிற பாட்டை எடுத்தார். புது டிரம்ஸ்காரர் தட்டுத் தடுமாறித் தாளம் பிடித்தார். செல்வியின் தாய் அழுதுகொண்டே ஆடினாள். எனக்கு ஆட வராது, நானும் ஆடினேன்.

இப்போது ஒழுங்காகத்தான் வாசிக்கிறார். பட்டப்பெயர்தான் போகவில்லை. தை மாதம் என் மகள் கல்யாணம். சினிமாப் பாட்டு மட்டும்தானே என்று கேட்டார்.

"மாரிக்கும் கொஞ்சம் வாசிங்கண்ணே" என்றேன்.

அது இல்லாவிட்டால், என் வீட்டுக் கல்யாணத்துக்கு மாரியை விட்டுவிட்டு அவர் மட்டும் வந்த மாதிரி இருக்கும்.