கறுப்பு மாமாவுக்குப் போகாத பத்திரிகை

கொள்கை என்று ஒன்று எனக்கு வாழ்க்கையில் மூன்றே வாரம்தான் இருந்தது. அதற்குள் அக்கா கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

எண்பதுகளில், மலேசியாவின் ரவாங் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கூட்டத்தில், நிறத்தைச் சொல்லி மனிதனைக் கூப்பிடுவது துரைமார்கள் விட்டுப்போன இனவெறி என்று ஒருவர் பேசினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. (கூட்டத்தில் கொடுத்த இலவச மீகூன் நூடுல்ஸைச் சாப்பிட்ட பிறகுதான்.)

எங்கள் ரப்பர் தோட்டத்திலோ பாதிப் பேருக்கு நிறம்தான் பெயர். அம்மாவின் ஒரே தம்பி ஆறுமுகம், எங்களுக்குக் கறுப்பு மாமா. பெண்ணை மணவறைக்கு அழைத்து வரவேண்டிய தாய்மாமன். அப்போதுதான் தஞ்சோங் காராங் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறியிருந்தார். வெற்றிலை பாக்குத் தட்டோடு பத்திரிகை வைக்க அம்மா என்னை அனுப்பினாள்.

தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்ற ஓர் அம்மாளிடம் கேட்டேன். "ஆறுமுகம் வீடு எதுங்க?"

"எந்த ஆறுமுகம்லா? கறுப்பா, ஒசரமா இருப்பாரே, அவரா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "நெறத்த வச்சு மனுசன அடையாளம் சொல்றது தப்புங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவரு இல்லியா? அப்ப கடைசி வூட்டு ஆறுமுகம்தான்."

கொள்கை வென்ற பூரிப்பில் முதல் பாதி என் காதில் ஏறவில்லை. கடைசி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கல்யாணத்தன்று ஆறுமுகம் வந்தார். நல்ல சிவப்பு, குள்ளம், கையில் பெரிய பரிசுப் பொட்டலம். "யாருன்னே தெரியாத எனக்குத் தட்டு வச்சு அழைச்சிருக்கீங்களே" என்று கண் கலங்கினார். அம்மாவும் கலங்கினாள், வேறு காரணத்துக்காக.

மோட்டார் சைக்கிளில் பறந்தேன். தேதி தெரிந்தும், தட்டு வராத கோபத்தில் மாமா பனியனோடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கொள்கையையும் சொன்னேன்.

"தொரை என்னைய கறுப்பு நாயேன்னான், மம்மட்டிய வீசிட்டு வந்தேன். ஒங்கம்மா டேய் கறுப்புன்னா, சோறு போடப் போறான்னு அர்த்தம். எனக்கு வித்தியாசம் தெரியும்டா. ஒனக்குத்தான் அந்த வார்த்தையச் சொல்லக் கூசுது."

எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போயிற்று. அவரைவிடக் கறுப்பு நான். தினமும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டுதான் ரவாங்குக்கு பஸ் ஏறினேன்.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அக்காவைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். சிவப்பு ஆறுமுகமும் கூடவே நடந்தார். தட்டு வாங்கியவரை யார் தடுப்பது?

போன மாதம் மாமாவின் பேத்தி கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் பெயர் இல்லை. "நிறமே இல்லாத மாப்பிள்ளைக்கு" என்று மட்டும் மாமா எழுதியிருந்தார். கொண்டுவந்த பையன் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் புதியவன். இந்தக் கதையை என் வாயால் நூறு முறை கேட்ட முனைக்கடையில் உறையைக் காட்டியதுமே என் வீட்டைக் காட்டிவிட்டார்களாம்.