கேஜ் மேலயா, கீழயா?

ஒரு தப்பும் செய்யாதவனுக்கே பெண் கொடுக்க ஆயிரம் யோசிக்கிறார்கள். நான் சினிமாத் திரையில், ஊரே பார்க்க, பதினோரு தப்பு செய்துவிட்டு மாப்பிள்ளையானவன்.

மஞ்சுளாவும் நானும் தினமும் ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவள் அப்பா ஏழுமலை, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மணியடித்து ஓய்வு பெற்றவர். ஆட்களை உள்ளே இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அவர் எத்தனை மணி அடிக்கிறாரோ அதன்படிதான் அது நகரும், நிற்கும். "கம்ப்யூட்டரத் தட்றதெல்லாம் ஒரு வேலையாடா? போடா!" என்று, பெண் கேட்டுப் போகும்போதெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊருக்கு ஒரு படக்கம்பெனி வந்தது. அண்ணனைக் கொன்றவனிடம் நண்பனாக நடித்து, அவனைச் சுரங்கத்துக்குள் அனுப்பிப் பழிவாங்கும் கதை. மணியடிக்க ஒரு ஆள் வேண்டுமாம். விடுவேனா?

"மாமா, உங்க வேலையத்தான் நடிக்கப் போறேன்" என்றேன். மனுஷர் முதல்முறையாக எனக்கு டீ கொடுத்தார்.

ஷூட்டிங்கில், "எத்தனை அடிக்கணும் சார்?" என்று கேட்டேன்.

"யாரு குரு எண்ணப் போறாங்க? ஸ்டைலா அடி!" என்றார் டைரக்டர். அடித்தேன். (நடுவில் முடியை வேறு கோதிக்கொண்டேன். கர்மம்!) வீட்டுக்கு வந்து மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஹீரோவுக்குத்தான் அந்தப் புத்தி கிடையாதே.

படம் எங்கள் ஆண்டர்சன்பேட்டை தியேட்டருக்கு வந்த முதல் நாளே மாமாவையும் அவருடைய பழைய ஷிப்ட் கூட்டாளிகளையும் அழைத்துப் போனேன். சிவப்பு வெளிச்சம், புகை, ஸ்லோமோஷன். முன்னால் பையன்கள் விசிலடித்தார்கள். பின்னால், "இன்னா படம் இது? சுரங்கத்துல ஏதுடா இவ்ளோ லைட்டு?" என்று முனகல். வில்லன் கேஜில் ஏறினான். திரையில் நான் மணியடித்தேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

இருட்டில் பென்ஷன்காரர்கள் எல்லாரும் சேர்ந்து எண்ணுகிறார்கள்! ஏழு தாண்டியதும் விசில் நின்றுபோனது. பதினொன்றில் மாமா எழுந்தே விட்டார்.

"ஒண்ணு அடிச்சா நில்லு! மூணு அடிச்சா ஆளு ஏறுறான்! பதினொண்ணுக்கு இன்னாடா அர்த்தம்? கேஜ் மேல போவுதா, கீழ போவுதா?"

தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. வில்லன் செத்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் செத்ததை எல்லாரும் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு ஒரு கும்பிடு என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வெளியே படம் பிடித்த கோஷ்டிக்கும் பிடிக்காத கோஷ்டிக்கும் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. ஆனால் மாமாவைப் பார்த்ததும் இரண்டும் அவரைச் சூழ்ந்துகொண்டன. "தாத்தா, அந்த மணிக் கணக்க இன்னொரு தபா சொல்லுங்க!" மாமா மீசையைத் தடவியபடி சொன்னார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"நாளைக்கும் வரலாண்டா. நீ தப்பா அடிச்சாத்தான நான் கத்த முடியும்?"

ஏழு தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை மஞ்சுளாவும் வந்தாள். ஏழாவது தடவை முடிந்து வெளியே வந்ததும் மாமாவே கல்யாணத் தேதி சொன்னார். தாலி கட்டும் நேரத்தில், கெட்டிமேளம் என்று சொல்ல வேண்டியவர் மேளக்காரரைப் பார்த்து, "மூணு அடிப்பா, ஆளு ஏறுறான்!" என்று கத்தினார். அடித்தாரே மேளக்காரர்! ஜெயித்துவிட்டேன்!

இன்றைக்கும் அவசரத்தில் வீட்டுக் காலிங்பெல்லை நாலைந்து தடவை அழுத்திவிட்டால் கதவு திறக்காது. உள்ளேயிருந்து மஞ்சுளாவின் குரல் மட்டும் வரும்.

"கேஜ் மேலயா, கீழயா?"