சமையலறையில் பூட்டி வைத்த ஃபிரிட்ஜ் காஸ்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் நலம். ஃபிரிட்ஜ் நலமாக இல்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் ஃபிரிட்ஜும் நலமாக இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத இந்த நிலைமையில், என் கையெழுத்தைக் கண்டதும் தாங்கள் திடுக்கிட்டிருக்கலாம். பயப்பட வேண்டாம், இது சமாதானக் கடிதம் அல்ல. சிறியதொரு விஞ்ஞான விளக்கம் தேவைப்படுகிறது. அதைத் தாங்கள் தபாலில் அனுப்பினால் போதும். நேரில் வரத் தேவையில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தாங்கள் கடைசியாக எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்று, குளிர்ந்த தண்ணீர் கேட்டீர்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இந்த ஃபிரிட்ஜுக்குள்ள ஓடுற காஸ் இருக்கே, அது வெளிய கசிஞ்சா நேரா மேல போய் ஓசோனைத் தின்னுடும்" என்று ஆரம்பித்தீர்கள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவர் ஆயிற்றே என்று நானும் மரியாதையாகத்தான் கேட்டேன், அந்தக் காஸ் காற்றைவிடக் கனமா, லேசா என்று. நாலு மடங்கு கனம் என்று தங்கள் வாயாலேயே சொன்னீர்கள். மச்சான், நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய் தராசுக்கு முத்திரை குத்தினவன். கனமான தட்டு கீழே இறங்கும், லேசான தட்டு மேலே போகும். இதில் ஒரு தராசும் இன்றுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை. அதனால்தான், "நாலு மடங்கு கனமான சாமான் எந்த ஊர்ல மச்சான் மேல போகும்?"னு கேட்டேன். நீங்க, "காத்து கலக்கிவிடும்"னீங்க. "வானம் வரைக்கும் கலக்க காத்து என்ன கரண்டியா?"ன்னு நான் கேட்டது ஒரு நியாயமான சந்தேகம். அதுக்கு நீங்க, "தராசைப் பார்த்துப் பார்த்து உங்க மூளைக்கும் முத்திரை குத்திட்டாங்க, இனிமே ஒண்ணும் உள்ள போகாது"ன்னு சொன்னது நியாயமா? நானும் பதிலுக்கு, "உங்ககிட்டப் படிச்ச பசங்க எல்லாம் எப்படிப் பாஸானாங்கன்னு இப்பத்தான் புரியுது, பரீட்சைத் தாளைத் திருத்தினது வேற ஆளு"ன்னேன். அது கொஞ்சம் அதிகம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காகக் கை கழுவின ஈரம் காயறதுக்குள்ள செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்க பாருங்க, அதோட நீங்க இந்தப் படி ஏறவே இல்ல.

சரி, அது பழங்கதை. இப்போ விஷயத்துக்கு வர்றேன். எங்க ஃபிரிட்ஜுல மேல் தட்டுல ஐஸ் மலை மாதிரி கட்டிப்போச்சு. கதவு சாத்தவே முடியல. "சுவிட்சை அணைச்சு வச்சா தானா உருகிடும்ங்க, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க"ன்னு உங்க தங்கச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னா. ஐஸ் உருகற வரைக்கும் உக்காந்திருக்க எனக்குப் பொறுமை ஏது? காய் நறுக்குற கத்தியை எடுத்து ஓரத்துல லேசா நெம்பினேன். லேசாத்தான் மச்சான், சத்தியமா. அது எங்கயோ குத்தி, "புஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம். கூடத்துலேர்ந்து, "என்னங்க சத்தம்?"னா. "ஒண்ணுமில்ல, ஃபிரிட்ஜ் பெருமூச்சு விடுது"ன்னேன். அடுத்த நிமிஷம் அவ வாசப்படியில நிக்கிறா, நான் கையில கத்தியோட நிக்கிறேன். கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்.

"ஐயையோ, அண்ணன் சொன்ன காஸுதானே இது!"ன்னு ஒரு கூச்சல் போட்டா பாருங்க. என்னை இழுத்து வெளிய தள்ளினா, ஜன்னலைச் சாத்தினா, கதவைச் சாத்தினா, கதவடி இடுக்குல என் துண்டை நனைச்சுச் செருகினா, பூட்டினா, சாவியை இடுப்புல செருகிக்கிட்டா. "எங்க அண்ணன் வாயால சொல்ற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது"ன்னுட்டா. நானும் விடுவேனா? "அடியே, அது கனமான காஸு, மேல போகாது, தாராளமாத் திற"ன்னேன். அதுக்கு அவ சொன்ன பதிலைக் கேளுங்க. "அப்படியா? கீழ இறங்குமா? அப்போ படி வழியா இறங்கி நேரா கீழ் வீட்டுக்குத்தானே போகும்? அங்க குழந்தை தவழுது. உங்க கணக்குப்படி பார்த்தா குழந்தைக்கு ஆபத்து, எங்க அண்ணன் கணக்குப்படி பார்த்தா வானத்துக்கு ஆபத்து. எந்தக் கணக்குப்படி திறக்கட்டும், சொல்லுங்க"ன்னா. வழக்கு மன்றத்துல இருக்க வேண்டியவளை உங்கப்பா எனக்குக் கட்டிக் கொடுத்துட்டார்.

அன்னிலேர்ந்து இந்த வீட்டுல அடுப்பு எரியல. அரிசி உள்ள, பருப்பு உள்ள, காப்பிப்பொடி உள்ள, என் மாத்திரை டப்பாகூட உள்ள. நான் வெளிய. காலையில பன், மத்தியானம் பன்னும் பழமும், ராத்திரி பழமும் பன்னும். டீக்கடைக்காரர் என்னைத் தூரத்துல பார்த்ததுமே பன்னைப் பிரிக்க ஆரம்பிச்சுடறார். "வீட்டுல ஊருக்குப் போயிட்டாங்களா சார்?"னு கேட்டார். "இல்லப்பா, வீட்டுலதான் இருக்காங்க, ஓசோனைக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க"ன்னேன். அதுக்கப்புறம் அந்த மனுஷன் என்கிட்ட குடும்பம் பத்திப் பேசுறதே இல்ல. ஒரு நாள் பொறுக்க முடியாம சமையலறைக் கதவுகிட்டக் குப்புறப் படுத்து, துண்டை விலக்கி, காஸு தரையில கிடக்குதா, கிளம்பிடுச்சான்னு ஒரு கண்ணால பார்த்தேன். கிடக்குதோ கிளம்பிச்சோ, எங்க கண்ணுக்குத் தெரியுது? கரப்பான் ஒண்ணு உள்ளேர்ந்து என்னைப் பார்த்துச்சு. அது நல்லா சாப்பிட்டுக் கொழுத்துத்தான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல, சும்மாதானே உக்காந்திருக்கீங்கன்னு என்னை ஸ்டூல் மேல ஏத்தி ஃபேன் துடைக்கச் சொன்னா. துடைச்சேன். இறக்கை மேல விரல் கனத்துக்குத் தூசி. அதைத் துணியில வழிச்சு அவகிட்ட நீட்டினேன், வாங்கிக் கையில வச்சுப் பார்த்துட்டு மெதுவாக் கேட்டா: "ஏங்க, தூசி காத்தைவிடக் கனமா, லேசா?" எனக்கு என்ன தெரியும் எங்க இழுக்கிறான்னு? "கனம்தான், அதுல என்ன சந்தேகம்?"னேன். "அப்போ கீழ கிடக்காம ஃபேன் மேல எப்படி ஏறி உக்காந்துச்சு? ஏணி வச்சா?"ன்னா. ஸ்டூல்லயே ஆடிப்போயிட்டேன். "அது... ஃபேன் சுத்துது, காத்து கிளப்பிவிடுது"ன்னேன். "வெளியில மட்டும் காத்து அடிக்கலையா? இத்தனூண்டு ரூம்ல ஒரு ஃபேன் பண்ற வேலையை அவ்வளவு பெரிய காத்து வருஷக்கணக்கா பண்ணாதா?"ன்னுட்டு, துணியை உதறிக்கிட்டே போயிட்டா. நானும் ராவும் பகலும் யோசிச்சுப் பார்த்துட்டேன். தராசைக் காத்தடிக்காத இடத்துல வச்சுத்தான் நிறுக்கணும்னு நானே எத்தனை கடைக்காரங்களை விரட்டியிருக்கேன்! தட்டுல ஃபேன் காத்து பட்டாக்கூட எடை தப்பும்னு எனக்குத் தெரியும். அது ஏன் எனக்கு அன்னிக்குத் தோணலை?

ஆகவே மச்சான், இதனால் நான் தோற்றுவிட்டேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூசி ஃபேன் வரைக்கும்தான் ஏறியிருக்கிறது, வானம் வரைக்கும் அல்ல. அந்தக் காஸ் மேலே போனாலும் ஓசோனை ஏன் தின்ன வேண்டும், அதற்கு வேறு வேலை இல்லையா என்பதற்கும் தாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னமோ வெயில் பட்டு உடையும், குளோரின் வெளியே வரும் என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். நான் கேட்கவில்லை, கத்திக்கொண்டிருந்தேன். அதையும் ஒரு தாளில் எழுதி, கீழே, "சமையலறையைத் திறக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பவும். போனில் சொன்னால் தங்கள் குரலைக் கேட்டதும் அவள் அழுதுவிடுவாள், பிறகு கதவு திறப்பது இன்னும் தள்ளிப்போகும். நேரில் வர வேண்டாம் என்பதை மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நல்லாப் படிச்சு, மாமனைப் போல் இல்லாமல், அடுத்தவர் சொல்வதை முழுசாகக் கேட்கும் புத்தியோடு வளரட்டும்.

இப்படிக்கு,
பன்னும் பழமுமாக உயிர் வாழும்
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போற நேரத்துல ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து நிக்கிறார். பார்த்தா சமையலறைக் கதவு ஆவென்னு திறந்து கிடக்கு! நான் நம்ம சண்டையைச் சொன்னதும், அவர் ஃபிரிட்ஜ் பின்பக்கத்து ஸ்டிக்கரைக் காட்டி, "சார், பழைய மாடல் காஸா இருந்தா உங்க மச்சான் சொன்னதுதான் சரி. கனமோ லேசோ, காத்து மெல்ல மெல்ல மேல கொண்டு போய் விட்டுடும், ஓசோனுக்குக் கேடுதான். இது புதுசு, இதுவும் மேல போகும், ஆனா ஓசோனைத் தொடாது. பூமியைச் சூடாக்கும், அதனால இனிமே கத்தியைத் தொடாதீங்க. கதவைப் பூட்டி வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, கசிஞ்சது கசிஞ்சதுதான். இதைத்தான் அன்னிக்கே அம்மாகிட்ட போன்ல சொன்னேனே, ஜன்னலைத் திறந்து விடுங்கன்னு"ங்கிறார். அன்னிக்கே! நான் உங்க தங்கச்சியைப் பார்த்தேன். அவ அடுப்பைப் பார்த்தா. விசாரிச்சா, நான் பன் தின்ன நாளெல்லாம் மகாராணி கீழ் வீட்டுல வயிறாரச் சாப்பிட்டிருக்கா. "ஏன்டி இப்படிப் பண்ணினே?"ன்னு கத்தினேன். "எங்க அண்ணன் வராத வீட்டுல எனக்கென்ன சமையல் வேண்டிக்கிடக்கு? வயிறு காஞ்சாத்தான் உங்க கை பேனாவைத் தொடும்னு தெரியும், பூட்டினேன்"னு சொல்லி அழுதுட்டா மச்சான். கடுதாசியைக் கிழிச்சுப் போட்டு வேற எழுதலாம்னா, முழுசாப் படிச்சுப் பார்த்துட்டு, "இதையே அனுப்புங்க, உங்களுக்கு மன்னிப்பு இதைவிட நல்லாக் கேட்க வராது"ங்கிறா. காஸு மேல போகும். நீங்க சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. வர வேண்டாம்னு எழுதினதெல்லாம் சும்மா, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடுங்க. நீங்க போனதிலேர்ந்து இந்த வீட்டுல நான் சொல்றதைத் தப்புன்னு சொல்ல உங்க தங்கச்சி ஒருத்திதான் இருக்கா, அவகிட்ட என்னால ஒரு தடவைகூட ஜெயிக்க முடியல.