லிஸ்ட்டு பாயின் பச்சை விளக்கு

லிஸ்ட்டில் இல்லாத சாமானைத் தொட நேர்ந்தால் கை கழுவிவிட்டு வருகிற மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் இப்போது இங்கே இல்லை.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வாசலில் நிற்கிற வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவர் லிஸ்ட்டு பாய்.

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒரு பாலிடெக்னிக். அங்கே நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது, சாவி வைத்திருப்பது. இதில் சாவி வைத்திருப்பதுதான் வேலை. மற்றதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கம்ப்யூட்டர் ரூம் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். பிரின்சிபாலே ஆனாலும் என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். பதினெட்டு வருஷத்தில் என் வேலையில் குறை என்று ஒருத்தர் விரல் நீட்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அங்கே எல்லோரும் என்னை ஆயாம்மா என்பார்கள். அக்கா என்று கூப்பிட்டது இரண்டு பேர். ஒருவர் தபால்காரர். இன்னொருவர் பாய்.

பாய் முத்துப்பேட்டைக்காரர். வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கட்டி மேய்த்துவிட்டு ஊர் திரும்பி, எங்கள் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்தவர். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சாப்பாட்டு டப்பா, டார்ச் லைட்டு, அப்புறம் அந்த லிஸ்ட்டு. இன்ன பெட்டிக்கு இன்ன சாமான் ஒத்துப்போகும் என்று சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் போட்ட பட்டியல். நாற்பது பக்கம். பாய் அதைப் பிரிண்ட் எடுத்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் முதல் பதில், "லிஸ்ட்ல இருக்கா?"

ஒருநாள் டீத்தூள் தீர்ந்துபோய் வேறு தூளில் போட்டுக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

"இது லிஸ்ட்ல இல்லக்கா."

"டீ தானே பாய்."

"டீ தான். வயித்துல அதுக்கு டிரைவர் இல்ல."

டிரைவர் என்றால் ஒரு சாமானை எப்படி ஓட்டுவது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிற சின்ன புரோகிராம் என்று அப்புறம் அவரே விளக்கினார். டீயைக் குடிக்கவில்லை.

அவருடைய தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். திரும்பி வந்தவரிடம் பெண் எப்படி என்று கேட்டேன். "தங்கமான புள்ளக்கா. நம்ம பையனும் நல்ல பையன்தான். ஒண்ணுக்கொண்ணு லிஸ்ட்ல இல்ல" என்றார். அவர் பேச்சைக் கேட்காமல் கல்யாணத்தை முடித்தார்கள். மூன்றாம் மாதம் தங்கை போன் செய்து அழுதார். பாய் லிஸ்ட்டை எடுத்துத் தூசி தட்டிப் பைக்குள் வைத்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெட்டிகளோடு மரியாதையாகப் பேசுவார். "எந்திரிங்க. எந்திரிச்சாச்சா. அப்ப உள்ள போவோமா?" என்பார். கம்ப்யூட்டருக்கு நீங்க. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு நீ. வாத்தியாருக்கு இதில் கடைசிவரை வருத்தம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கம்ப்யூட்டர் ரூமில் பூஜை போடுவது என் பொறுப்பு. ஐந்து பெட்டிகள் இருந்தன. ஒயர்களைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒயர்களை மறுபடி சொருகுவேன். முன்னால் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு. பரீட்சைப் பெட்டி என்று ஒன்று உண்டு. பிள்ளைகளின் மார்க்கெல்லாம் அதில்தான். அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வைப்பேன்.

அந்த வருஷம் பூஜை லீவு முடிந்து வந்தால் பரீட்சைப் பெட்டியில் நெட் வரவில்லை. பாய் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வாத்தியார் வந்து பார்த்தார். லீவு நாளில் பெரிய இடி மழை. "இடியில கார்டு போயிடுச்சு" என்றார். கார்டு என்றால் பெட்டியின் பின்பக்கம் இருக்கிற பச்சைப் பலகை. அதில் இருக்கிற ஓட்டையில்தான் நெட் ஒயரைச் சொருகுவார்கள். வாத்தியார் கார்டைப் பிடுங்கிக் குப்பையில் போடச் சொன்னார். நான் எதையும் குப்பையில் போடுகிறவள் இல்லை. பேப்பரில் சுற்றி அலமாரியில் பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன்.

பாய் வந்ததும் தாளாளரிடம் பேசினார். ஐந்தும் கிழப் பெட்டிகள், ஒன்று போனால் அடுத்தது போகும், எல்லாவற்றையும் ஒரே பெரிய பெட்டிக்குள் குடி வைத்துவிடலாம் என்றார். எனக்குப் புரியவில்லை.

"ஒரே வீட்டுல அஞ்சு குடித்தனம் இருக்கறதில்லையாக்கா? கிணறு ஒண்ணு, வாசல் ஒண்ணு. சமையல் தனித்தனி. அதே மாதிரிதான்."

"சண்டை வருமே பாய்."

"வராம பாத்துக்க வீட்டுக்காரர் ஒருத்தர் உள்ள இருக்கணும். நான் போடப்போற சாப்ட்வேர்தான் வீட்டுக்காரர்."

பாய் லிஸ்ட்டைப் பார்த்து, எந்தப் பெட்டி, எந்தக் கார்டு என்று எழுதிக் கொடுத்தார். வாங்கி வரப் போனது தாளாளரின் மைத்துனர். பெட்டி வந்தது. பாய் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"கார்டு வேறங்க. லிஸ்ட்ல இல்ல."

"கார்டுன்னா கார்டுதானே பாய். ஓட்டை இருக்கு. ஒயரு போவுது. வேற என்ன வேணும் உமக்கு?" என்றார் மைத்துனர்.

பாய் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

அன்றைக்குச் சிரிப்பை நிறுத்தியவர்தான். ஒன்பது நாள் சிரிக்கவில்லை.

முதல் நாள் சாப்ட்வேரைப் போட்டார். பாதியில் நின்றது. திரையில் ஒரு இங்கிலீஷ் வரி. கார்டே இல்லை என்கிறதாம். "வீட்டுக்காரருக்கு வாசல் தெரியலக்கா. வாசல் மேலேயே கைய வச்சுக்கிட்டு செவுருங்கறார்" என்றார் பாய். அந்த வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. படிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்த்தால் போதும்.

அதே சாப்ட்வேரில் பழைய காலத்தது ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அந்தக் காலத்து வீட்டுக்காரருக்கு இந்த வாசல் தெரிந்தது. ஆனால் பெட்டிக்குள் சாமான் வைக்கிற இடம் தெரியவில்லை. அப்புறம் யாரோ எங்கோ எழுதி வைத்திருந்த டிரைவரை எடுத்துச் சாப்ட்வேருக்குள் கலந்தார். இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு திரை முழுக்கக் கத்திரிப்பூ நிறம் ஆகி நின்றுவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இது அவுங்க மயக்கம் போட்டதுக்கு அடையாளம்க்கா" என்றார். அப்புறம் வெளியிலிருந்து சொருகுகிற ஒரு கார்டை வாங்கி வந்தார். அது வேலை செய்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் மறந்துபோனது. மறுபடி சொல்லிக்கொடுத்தார். மறுபடி மறந்தது.

வாத்தியார் வாசலில் நின்று, "என்ன பாய், இன்னும் குடி வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தினமும் கேட்பார்.

ஏழாம் நாள் தாளாளர் வந்தார். திங்கட்கிழமை பிள்ளைகளின் பெயரெல்லாம் சென்னைக்குப் போக வேண்டும், போனால்தான் ஹால் டிக்கெட். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வருவேன். ஓடலைன்னா பெட்டி கடைக்குத் திரும்பிப் போவுது. நீங்களும் ஊருக்குப் போய்க்கலாம்" என்றார். மைத்துனர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பாய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யார் வாங்கி வந்த கார்டு என்று. "இன்ஷா அல்லா ஓடும்ங்க" என்றார், அவ்வளவுதான். தாளாளர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு இனிமே வெளிநாடு எல்லாம் முடியாதுக்கா. பொண்ணு படிக்கிறா."

எனக்கு அன்று டீ சரியாக வரவில்லை.

எட்டாம் நாள் லிஸ்ட்டை முதலிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் இருபத்து மூன்றாம் பக்கத்தில் நின்றார். "அக்கா, பழைய பரீட்சைப் பெட்டியில இருந்த கார்டு குப்பைக்குப் போயிடுச்சா?"

"நான் எதையும் குப்பையில போடறவ இல்ல" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

"இடியில போச்சுன்னு வாத்தியார் சொன்னான். சொன்னது அவன்தானே" என்று சொல்லிச் சொருகினார். சாப்ட்வேரைப் போட்டார். அந்த வரி வரவில்லை. கார்டின் பெயர் திரையில் வந்தது. பாய் எழுந்து நின்றுவிட்டார். ஐந்து குடித்தனங்களையும் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினார்.

ஆனால் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சை விளக்கு எரியவில்லை. அது எரிந்தால்தான் நெட்.

"வீட்டுக்காரருக்கு வாசல் தெரியுது. கதவு தெறக்கல" என்றார். ஒயரை மாற்றினார். ஒயரின் மறுமுனை போய்ச் சேருகிற சின்னப் பெட்டியை மாற்றினார். விளக்கு எரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு இரண்டரைக்கு வந்தார். சாப்பிடவில்லை. பெட்டியின் பின்னால் தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். எத்தனையோ தடவை ஒயரைச் சொருகியவர், ஓட்டைக்குள் அன்றைக்குத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

நெட் ஒயர் சொருகுகிற ஓட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சின்னதாக, சதுரமாக, விளக்கு வைக்கிற மாடம் மாதிரியே இருக்கும். மாடம் என்றால் அதற்குள் ஒரு பொட்டு வைக்கத்தானே கை போகும். பரீட்சைப் பெட்டி வேறு. அந்த வருஷம் அதற்குள்ளேயே தாராளமாக வைத்திருந்தேன்.

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது. இடி, வாத்தியார், குப்பை என்று இத்தனை நாள் ஆட்டி வைத்தது என் கைச் சந்தனம்.

"அக்கா, முதலுதவிப் பொட்டியில ஸ்பிரிட்டு இருக்கும். ஒரு தீக்குச்சியும் கொஞ்சம் பஞ்சும்" என்றார் பாய். தாயத்தைத் துடைக்கிற மாதிரி உள்ளே இருக்கிற ஒவ்வொரு தங்கக் கம்பியையும் துடைத்தார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க, முடிஞ்சுது" என்றார். என்னிடம் இல்லை, கார்டிடம்.

ஒயரைச் சொருகினார். விளக்கு எரிந்தது. பச்சை.

அதே நேரம் வாசலில் தாளாளர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து பார்த்தார். வாத்தியாரும் எட்டிப் பார்த்தார்.

"என்னதான்யா பிரச்சனை இத்தனை நாளா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன்.

"ஓட்டையில தூசிங்க" என்றார் பாய்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "ஏன் ஆயாம்மா, தூசி தட்டறதில்லையா?"

பதினெட்டு வருஷம். அதில் நீள வந்தது இந்த ஒரு விரல்தான்.

"இது அந்தத் தூசி இல்லங்க. கார்டு செய்யற எடத்துலேயே உள்ள வர்ற தூசி. துடைப்பத்துக்கு எட்டாது" என்றார் பாய், முகத்தில் ஒரு கோடு அசையாமல். தாளாளர் அதைப் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். வாத்தியார் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு பாய் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஒன்பது நாளைக்கு அப்புறம் சிரித்தார். "டீ போடுங்கக்கா. எந்தத் தூளா இருந்தாலும் சரி."

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு அவராகவே வந்து வாசலில் நின்றார். நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டிப் பக்கம் போகாமல் நின்றிருந்தேன். பெட்டியின் முன்பக்கம் ஒரு இடத்தைத் துணியால் துடைத்து, "இங்க வைங்கக்கா. இவுங்களுக்கு இங்கதான் பிடிக்கும்" என்றார். வைத்தேன். அந்தச் சந்தனத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

அப்புறம் பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் மேகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கம்பெனி வந்து சொன்னது. "மேகம் லிஸ்ட்ல இல்லியேக்கா" என்றார் பாய். பெண் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்தாள். பாய் முத்துப்பேட்டைக்கே போய்விட்டார். போகிற அன்று அந்த லிஸ்ட்டை என்னிடம் கொடுத்தார்.

"எனக்கெதுக்கு பாய் இங்கிலீஷு?"

"கடைசிப் பக்கம் பாருங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அச்சு முடிந்த இடத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி. தமிழில், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி பெரிது பெரிதாக. சந்தனம், குங்குமம்: ஒத்துப்போகும். முன்பக்கம் மட்டும். கீழே தேதி போட்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமையின் தேதி.

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு வீட்டில் அரிவாள்மனைக்கு, மிக்சிக்கு, தையல் மிஷினுக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். லிஸ்ட்டுக்கும் ஒன்று வைத்தேன். முன்பக்கம் மட்டும்.