விளக்கம் சாருக்குப் புரியாத ஜோக்

நேற்று காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பின்சீட்டில் யாரோ வறுத்த பட்டாணியைக் கடித்தார்கள். கடக். அந்தச் சத்தத்தில் ஆறு மறைந்து எங்கள் பல்கலைக்கழகக் கூட்ட அறை எழுந்து நின்றது. அதன் நடுவில், கையில் பட்டாணிப் பொட்டலத்தோடு விளக்கம் சார்.

பூலோகத்தில் ஒரு ஜோக்கைக்கூடப் புரிந்துகொள்ளாமல் பணி ஓய்வு பெற்ற ஒரே மனிதர் அவர்தான். வேதியியல் பேராசிரியர், ஸ்ரீரங்கத்துக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது.

லால்குடியில் ஒரு கல்யாணப் பந்தி. யாரோ யானையும் ஹெல்மெட் போட்ட எறும்பும் பைக்கில் போன ஜோக்கைச் சொல்ல, வரிசையே புரையேறச் சிரித்தது. சார் மட்டும், "எறும்புக்கு ஹெல்மெட் எந்த சைஸ்ல கிடைக்கும்?" என்றார். ஆண்டு விழாவில் துணைவேந்தர் ஒரு துணுக்கு சொல்ல, அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் கை உயர்ந்தது. "சார், ஒரு விளக்கம்." அன்றோடு துணைவேந்தர் மேடையில் துணுக்கு சொல்வதை விட்டார். ஊருக்கு அது பெரிய உபகாரம்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் நடத்தை விதிக் குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள். வெறுப்புப் பேச்சுக்கும் சீண்டலுக்கும் புது விதி எழுத வேண்டும். தமிழ்த் துறையிலிருந்து நான், வாக்கியம் திருத்த. வரைவில் ஒரு வால் இருந்தது: 'விளையாட்டாகச் சொன்னவை நீங்கலாக.' குழுவில் இருந்த பதிவாளர் அதை விடுவதாக இல்லை. "பசங்க சிரிக்கவே கூடாதுன்னு விதி போட முடியுமா சார்?"

அந்த வாரமே எங்கள் குழுவிடம் ஒரு புகார் வந்தது. வேதியியல் இரண்டாம் ஆண்டு நஸ்ரின். தென்னூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தா கைகட்டி நின்றார். "டி.சி. குடுத்துடுங்க சார். புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல." வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: 'லேப்ல புகை வந்தா முதல்ல நஸ்ரின் பையைப் பாருங்க.' கீழே சிரிப்புப் பொம்மைகள், மழைக்கால ஈசல் மாதிரி.

"நீங்க வெளியில இருக்கலாம், அம்மா," என்றார் சார் நஸ்ரினிடம்.

"இருக்கேன் சார். நானும் கேக்கறேன்."

எழுதியவன் வந்தான். "சும்மா விளையாட்டுக்கு சார்."

கடக். "எனக்கு ஜோக் புரியாது தம்பி. கொஞ்சம் விளக்குங்கோ. பையில என்ன இருக்கும்?"

"அது... குண்டு சார்."

"யார் வெச்சா?"

"யாரும் வைக்கல சார்."

"பின்ன எப்படி வந்தது?"

"அவங்கன்னா அப்படித்தானேன்னு... ஒரு இதுக்கு..."

"எவங்கன்னா?"

பையனின் நெற்றியில் வேர்வை கோலம் போட்டது.

"சிரிப்பு எந்த இடத்துல வரணும், சொல்லுங்கோ. எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தில் அசல் சந்தேகம். நல்லாசிரியர் விடைக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். பையன் தரையைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இடியாப்பம் சார்," என்றாள் நஸ்ரின். "என் பையில. தேங்காப்பால் தனியா."

சார் தலையசைத்தார். "இது புரியறது."

பதிவாளரே பேனாவைத் திறந்து அந்த வாலை அடித்தார். பையனுக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை. எந்தக் குழுவில் எழுதினானோ அங்கேயே மன்னிப்பு. அன்று மாலையே கேட்டுவிட்டான். சிரிப்புப் பொம்மை ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஆனாலும் டி.சி. வேண்டுமா வேண்டாமா என்று அவள் சொல்லவே இல்லை. மாலை வாசலில் அத்தா ஸ்கூட்டரை உதைத்தார். அவள் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பினாள். பஸ்ஸுக்காக நின்ற சார் பட்டாணிப் பொட்டலத்தைச் சட்டென்று மூடினார்.

"சார், நாளைக்கு லேப் எத்தன மணிக்கு?"

"ஒம்பதுக்கு அம்மா. நீங்க வந்தப்புறம்தான் ஆரம்பிப்பேன்."